ஒரு நாளைக்கு ஒரு பக்கம்

உங்க லேப்டாப்பில் "நாவல்" என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டர் இருக்கா? உள்ளே முதல் அத்தியாயம் மட்டும் மூணு வெர்ஷன், இரண்டாம் அத்தியாயத்துக்கு வெறும் தலைப்பு? அப்படின்னா இந்தப் பாடம் உங்களுக்குத்தான். செமஸ்டர் லீவில் தொடங்கி, முதல் இன்டர்னலில் நின்று, "ப்ளேஸ்மென்ட் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போன நாவல்கள் நம்ம ஹாஸ்டலிலேயே நிறைய இருக்கும்.

அந்த "அப்புறம்" எப்படி இருக்கும்னு முதலில் பார்த்துவிடுவோம். நம்மில் பலர் போகப்போவது கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, ஒரகடம் மாதிரி இடங்களுக்கு. ஷிஃப்ட் வேலை. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது நடுராத்திரி நெருங்கியிருக்கும். அடுத்த வாரம் நைட். அதற்கடுத்த வாரம் காலை. இப்போது கிடைக்காத நேரம் அப்போது தானாக வந்துவிடாது. அதனால் வேலையோடு சேர்ந்து ஓடக்கூடிய ஒரு எழுத்து முறையைக் காலேஜில் இருக்கும்போதே அமைத்துக்கொள்ள வேண்டும். நிறைய எழுதிக் குவித்த நாவலாசிரியர்கள் இதை எப்படிச் செய்தார்கள், அதில் நமக்கு உதவுவது எது என்பதுதான் இன்றைய பாடம்.

1. வேலையில் இருந்தபடி எழுதியவர்கள்

முதல் பெயர் உங்களுக்கே தெரியும். எஸ். ரங்கராஜன் என்கிற சுஜாதா. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை, பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் நீண்ட கால வேலை. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த வேலைகளுக்கு நடுவில்தான் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள், இருநூறுக்கும் மேற்பட்ட சிறுகதைகள், நாடகங்கள், அறிவியல் கட்டுரைகள். வேலையை விட்டால்தான் எழுத்தாளராக முடியும் என்று யாராவது சொன்னால், இந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம்.

இரண்டாவது பெயர் பலருக்குப் புதிதாக இருக்கும்: வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம். பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. முதல் படைப்பான "இந்திரமோகனா" நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதினார். பிறகு எழுதக் கற்றுக்கொண்டு, "ஜகன்மோகினி" பத்திரிகையை எடுத்து நடத்தி, சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போய், 1960-ல் இறப்பதற்குள் 115 நாவல்கள் எழுதினார். சுமார் 35 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு மூன்று நாவலுக்கு மேல். "எனக்குத் தமிழ் டைப்பிங் வராது பா" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டம்மாள் செய்த வேலையை இன்றைக்கு உங்க போனில் இருக்கும் வாய்ஸ் டைப்பிங் செய்யும்.

மூன்றாவது, நம் காலத்தவர். ஜெயமோகன் பல ஆண்டுகள் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர். 1997-ல் "விஷ்ணுபுரம்" வந்தபோதும் அந்த வேலையில்தான் இருந்தார். மகாபாரதத்தை நாவல் வரிசையாக எழுதும் "வெண்முரசு" 2014 ஜனவரி 1-ல் தொடங்கி 2020 ஜூலையில் முடிந்தது. நாவலுக்கும் நாவலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி; மற்றபடி தினம் ஒரு அத்தியாயம். மொத்தம் 26 நாவல்கள். ஆறரை வருஷம் என்றால் 78 மாதம். 26-ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு நாவல்.

கோவை ராஜேஷ்குமாரின் நாவல் கணக்கோ 1,500-ஐத் தாண்டிவிட்டது. இந்த நான்கு பேரும் எழுதிய விதம் வேறு, வாசகர்கள் வேறு, தரம் பற்றிய விவாதங்களும் வேறு. பொதுவாக இருப்பது ஒன்றுதான்: மூடு வரும்வரை காத்திருந்தால் இந்த எண்ணிக்கை சாத்தியமே இல்லை.

2. ஒரு தபால்காரரின் ரெஜிஸ்டர்

அந்த ஒன்று நடைமுறையில் எப்படி இருக்கும்? அதை மிகத் தெளிவாக எழுதி வைத்துவிட்டுப் போனவர் ஓர் இங்கிலாந்துக்காரர், ஆன்டனி ட்ரோலோப் (1815–1882). தபால் துறை அதிகாரி. தெருவோரத் தபால் பெட்டி பிரிட்டனில் வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 33 ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். எழுதியது 47 நாவல்கள்.

அவர் முறை இது. காலை 5:30-க்கு மேஜையில் இருக்க வேண்டும். எழுப்பிவிட்டு காபி கொடுப்பதற்கென்றே ஒரு வேலைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதை வாசிப்பது. பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு 15 நிமிடத்துக்கு 250 சொல். காலைச் சாப்பாட்டுக்கு முன் அன்றைய எழுத்து முடிந்துவிடும், அப்புறம் ஆபீஸ்.

இதைவிட முக்கியம் அவர் வைத்திருந்த நோட்டு. ஒவ்வொரு நாவலுக்கும் வாரம் வாரியாகக் கட்டம் போட்டு, தினம் எத்தனை பக்கம் என்று எழுதினார். பக்கத்துக்கு 250 சொல் என்பது நிர்ணயம். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம். எழுதாத நாள் அந்த நோட்டில் காலியாக நின்று அவரையே பார்க்கும். இன்-ப்ளான்ட் ட்ரெய்னிங் போனபோது ஷாப் ஃப்ளோரில் மெஷின் பக்கத்தில் மாட்டியிருக்கும் புரொடக்‌ஷன் ஷீட் பார்த்திருப்பீங்களே, கிட்டத்தட்ட அதேதான்.

இதையெல்லாம் அவர் தன் சுயசரிதையில் ஒளிக்காமல் சொன்னார். அது அவர் இறந்த பிறகு 1883-ல் வெளிவந்தது. "செருப்புத் தைக்கிற மாதிரி நாவல் எழுதியிருக்கிறாரே" என்ற ரீதியில் பலர் முகம் சுளித்தார்கள். அவருடைய மதிப்பும் கொஞ்ச காலம் சரிந்தது. ஆனால் நாவல்கள் இன்றும் அச்சில் இருக்கின்றன. எழுதியது நல்லா இருக்கா என்றுதான் வாசகர் பார்க்கிறார். நீங்கள் கடிகாரம் வைத்து எழுதினீர்களா, நிலா வெளிச்சத்தில் எழுதினீர்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

3. நம்ம கணக்கு

ட்ரோலோப் மாதிரி தினம் மூன்று மணி நேரம் நமக்குச் சரிப்படாது. அளவைக் குறைப்போம். அதற்கு முன் ஒரு விஷயம்: தமிழ்ச் சொல் கனமானது. "போய்க்கொண்டிருந்தவரிடம்" என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து சொல் வேண்டும். ஆகவே ஆங்கிலத்தில் சொல்லப்படும் சொல் கணக்குகளை அப்படியே எடுத்துக்கொண்டு மிரள வேண்டாம். ஆரம்பிக்கிறவருக்கு ஒரு நாளைக்கு 200 சொல் போதும். அச்சுப் புத்தகத்தில் அது ஏறக்குறைய ஒரு பக்கம்.

வருஷம் பூராவும் எழுத முடியாது. செமஸ்டர், காய்ச்சல், அக்கா கல்யாணம் எல்லாம் வரும். நமக்குப் பழக்கமான கணக்கையே எடுப்போம்: 75 சதவீத அட்டெண்டன்ஸ். 365-ல் 75 சதவீதம் 274 நாள். 274 × 200 = 54,800 சொல். அதாவது 270 பக்கத்துக்கு மேல். ஒரு முழு நாவல். முதல் வருஷம் தொடங்கினால் ஃபைனல் இயர் முடிக்கும்போது நான்கு முதல் வரைவுகள் கையில் இருக்கும். அதில் மூன்று தேறாமல் போகலாம். போகட்டும். நான்காவதை எழுதுகிற கை, அந்த மூன்றை எழுதித்தான் பழகியிருக்கும்.

200 என்பது வேண்டுமென்றே சிறிதாக வைத்த எண். லேப் ரெக்கார்டு எழுதிக் கை வலிக்கிற நாளிலும் முடிக்கக்கூடியதாக அது இருக்கணும். முதல் வாரம் ஆர்வத்தில் 2,000 சொல் எழுதிவிட்டு, அடுத்த மாதம் ஃபோல்டரைத் திறக்காமல் இருப்பதுதான் நம் வழக்கம். 200-ஐ முடித்த பிறகும் ஓடினால் ஓடட்டும். ஆனால் இலக்கை உயர்த்தாதீங்க.

4. நேரம், இடம்

நேரம் கிடைக்கும்போது எழுதுவேன் என்றால் எழுத மாட்டீர்கள். ஒரு நேரத்தோடு கட்டிப்போடுங்கள். கடிகார நேரம் சரிப்படாதவர்கள் ஒரு செயலோடு கட்டலாம்: மெஸ்ஸில் டிஃபன் முடித்து வந்ததும், ஸ்டடி ஹவர்ஸில் முதல் அரை மணி நேரம், இப்படி. ஷிஃப்ட் வேலைக்குப் போனபிறகு இதுதான் கைகொடுக்கும். கடிகாரம் வாரா வாரம் மாறும்; "குளித்து முடித்ததும்" என்பது எந்த ஷிஃப்டிலும் மாறாது.

டே ஸ்காலர்களுக்கு இன்னொரு வசதி: ரயில். ட்ரோலோப் தபால் வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றியபோது ரயில் பெட்டியிலேயே பென்சிலால் எழுதினார். "பார்செஸ்டர் டவர்ஸ்" நாவலில் பெரும்பகுதி அப்படி எழுதியதுதான். பிறகு அவர் மனைவி அதைப் பிரதி எடுத்துக் கொடுத்தார். நீங்கள் கும்மிடிப்பூண்டி யூனிட்டில் ஏறினால் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை. திருவள்ளூர் யூனிட்டில் ஏறினால் ஆவடி, திருநின்றவூர், செவ்வாப்பேட்டை. உட்கார இடம் கிடைத்தால் போனில் 200 சொல். நிற்க மட்டுமே இடம் என்றால் நாளைய காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள். அதுவும் வேலைதான்.

5. முதலில் ரஃபிங், பிறகு ஃபினிஷிங்

லேத்தில் ஜாப் போட்டவர்களுக்குத் தெரியும். முதல் கட்டிலேயே ஃபினிஷ் வராது. முதலில் ஆழமாக வெட்டி வடிவத்துக்குக் கொண்டுவரணும். கடைசியில்தான் லேசான கட் கொடுத்து பளபளப்பு. நாவலும் அப்படித்தான். முதல் வரைவில் பின்னால் போய் ஒவ்வொரு வாக்கியமாகத் திருத்த ஆரம்பித்தால், முதல் அத்தியாயம் மூன்று வெர்ஷனில் நிற்கும். நேற்று எழுதியதை வாசியுங்கள், எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், மேலே போங்கள். மற்ற திருத்தமெல்லாம் கடைசி அத்தியாயம் முடிந்த பிறகு.

ஃபினிஷிங் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். முதல் வரைவு: "அன்று அந்தப் பெரியவருக்கு வேலை போய்விட்டது. அவர் மிகுந்த சோகத்துடன் கேட்டை விட்டு வெளியே வந்தார்." திருத்திய பிறகு: "செக்யூரிட்டி ஐடி கார்டை வாங்கி டிராயரில் போட்டார். கேன்டீன் டோக்கனைக் கேட்கவில்லை. பெரியவர் பஸ் ஸ்டாப்பில் நின்று சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து எண்ணினார். பதினொன்று இருந்தது." சோகம் என்ற சொல் போய்விட்டது. அந்தப் பதினொரு டோக்கனை அவர் இனி எங்கே கொடுப்பார் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒவ்வொரு காட்சியையும் தொடங்கும் முன் மூன்று கேள்விக்கு ஒரு வரி பதில் எழுதுங்கள். இந்த ஆளுக்கு இப்போது என்ன வேண்டும்? எது தடுக்கிறது? காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கும்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அந்தக் காட்சி தேவையில்லை.

6. ஷிஃப்ட் ஹேண்டோவர்

ப்ளான்ட்டில் ஒரு ஷிஃப்ட் முடியும்போது லாக் புக்கில் எழுதாமல் போனால் என்ன ஆகும்? வருகிறவர் எந்த வால்வு திறந்திருக்கிறது என்று தேடியே அரை மணி நேரம் போகும். எழுத்திலும் இன்றைய நீங்கள் நாளைய உங்களுக்கு வேலையை ஒப்படைக்கிறீர்கள். ஹெமிங்வே ஒரு வழி வைத்திருந்தார்: அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும் இடத்திலேயே அன்றைய எழுத்தை நிறுத்துவது. சரக்கு தீர்ந்துபோன இடத்தில் நிறுத்தினால் மறுநாள் சுவரில்தான் முட்டணும். நிறுத்தும்போது கடைசியில் ஒரு வரி போட்டு வையுங்கள்: "அடுத்து: அவள் போனை எடுக்கிறாள், பேசுவது அம்மா இல்லை." மறுநாள் ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடலாம்.

7. சரக்கு எங்கே?

தினம் 200 சொல் வெளியே போகணும்னா தினம் ஏதாவது உள்ளே வரணும். வாசிப்பு ஒரு பாதி. மறு பாதி நாம் நிற்கிற இடத்திலேயே இருக்கு. ரோலிங் மில்லுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் தம்பிகள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கே போகிறார்கள்? கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவருக்கு "சொந்த ஊர்" என்றால் எது? பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கோட்டை போய்விட்டது, கல்லறைகள் நிற்கின்றன. பக்கத்திலேயே ஏரியில் மீன்பாடு பார்த்துப் பிழைக்கிற குடும்பம் இருக்கு. பூண்டி ஏரித் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. ஏரிக்கரை ஊரில் குடம் எடுத்துக்கொண்டு நடப்பது யார்?

இந்த ஊர்ப் பெயர்களை எத்தனை நாவலில் படிச்சிருக்கீங்க? யோசிச்சுப் பாருங்க. நாலு வருஷம் இங்கே இருக்கப்போகும் ஒருவர் தினம் ஒரு பக்கம் எழுதினால் அந்த எண்ணிக்கை மாறும்.

பாக்கெட் நோட்டு ஒன்று வையுங்கள். தினம் மூன்று பதிவு: கேட்ட ஒரு வாக்கியம், பார்த்த ஒரு பொருள், பெயர் தெரியாத ஒரு வேலை. அந்த வேலைக்கு அதைச் செய்கிறவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். "அண்ணா, இதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். ஆனால் ஒருவர் தன் கஷ்டத்தைச் சொன்னால் அதைப் பெயர், ஊர் மாற்றாமல் கதையில் போடாதீங்க.

8. யாராவது காத்திருக்கணும்

கல்கி "பொன்னியின் செல்வன்" எழுதியது 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை. மூன்றரை வருஷம், வாரா வாரம். கூடவே பத்திரிகை ஆசிரியர் வேலை, தலையங்கம், விமர்சனம். ஓவியர் மணியத்தோடு கதை நடக்கும் இடங்களுக்குப் பயணம். வாரத் தொடருக்கு ஒரு பலம் உண்டு: அடுத்த இதழை எதிர்பார்த்து யாரோ இருக்கிறார்கள் என்று எழுதுகிறவருக்குத் தெரியும்.

உங்களுக்கு லட்சம் வாசகர் வேண்டாம், இரண்டு பேர் போதும். ஞாயிறு ராத்திரி வாட்ஸ்அப்பில் அந்த வார ஏழு பக்கத்தை அனுப்புவது என்று ஒப்பந்தம் போடுங்கள். அவர்கள் திருத்த வேண்டாம், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் போதும். கேட்காமல் விட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

9. அரியர் வைக்காதீங்க

கண்டிப்பாக சில நாள் விட்டுப்போகும். அப்போது செய்யக் கூடாத காரியம், விட்டதைச் சேர்த்து எழுத நினைப்பது. நேற்றைய 200 இன்றைக்கு 400 ஆகும், மூன்றாம் நாள் 600 ஆகும், ஒரு வாரத்தில் ஃபோல்டரைப் பார்த்தாலே பயம் வரும். விட்ட நாள் விட்டதுதான். நோட்டில் காலிக் கட்டமாக இருக்கட்டும். இன்றைக்கு 200 மட்டும். பரீட்சை வாரங்களில் இலக்கை 50 ஆக்கிக்கொள்ளுங்கள். அது நாவலை நகர்த்தாது. பழக்கம் அறுந்துபோகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும்.

தூக்கத்தில் கை வைக்காதீங்க. கல்கி பொன்னியின் செல்வனை முடித்த அதே வருஷம் டிசம்பரில் காசநோயால் இறந்தார், வயது 55. "அமரதாரா" பாதியில் நின்றது. மகள் ஆனந்திதான் முடித்தார். எழுத்துதான் அவர் உடம்பைக் கெடுத்தது என்று சொல்ல வரவில்லை. நாற்பது வருஷம் எழுதணும்னா நாற்பது வருஷம் உடம்பு வேணும், அவ்வளவுதான்.

10. எண்ணிக்கை மட்டுமே போதுமா?

போதாது. மௌனி எழுதியது சுமார் 24 சிறுகதை. ப. சிங்காரம் எழுதியது இரண்டே நாவல். அதில் ஒன்று "புயலிலே ஒரு தோணி". இந்த இருவரையும் விட்டுவிட்டுத் தமிழ் இலக்கியம் பேச முடியாது. அதே நேரம் நூறு நாவல் எழுதி, ஒன்றுகூட நினைவில் நிற்காமல் போனவர்களும் உண்டு. நிறைய எழுதுவது தரத்துக்கு உத்தரவாதம் தராது. ஆனால் உங்க இரண்டாவது நாவல்தான் நல்ல நாவலாக அமையும் என்றால், முதலாவதை முடிக்காமல் அங்கே போக வழியில்லை. தினசரிப் பக்கம் தருவது அந்த வழியைத்தான்.

இந்த வாரப் பயிற்சி

1. ஒரு நேரத்தையோ செயலையோ தேர்ந்தெடுத்து எழுதி ஒட்டுங்கள்.
2. நோட்டில் 30 கட்டம் போடுங்கள். தேதி, சொல் எண்ணிக்கை, "அடுத்து" என்று ஒரு வரி.
3. பழைய ஃபோல்டரில் முதல் அத்தியாயத்தைத் திறக்காதீங்க. இரண்டாம் அத்தியாயத்தின் முதல் காட்சிக்கு அந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.
4. இன்றைக்கே 200 சொல். நன்றாக வரவில்லையென்றாலும் 200.
5. வாசிக்க இரண்டு பேரைப் பிடியுங்கள்.

30 கட்டத்தில் 23 நிரம்பினால் உங்களுக்கு அட்டெண்டன்ஸ் இருக்கு. அடுத்த 30 கட்டம் போடுங்கள்.